பதினெட்டுக் கேள்விகள்

இந்த வருடம் மூன்றாவது ஸ்வெட்டர்.
குரங்குகள் எடுத்துப் போயின என்றான் கியூரன்.
சாட்ஸ்வொர்த் குரங்குகள்
ரொட்டிதான் திருடும், கம்பளி திருடாது என்றேன்.
குரங்குக்கு எத்தனை பல் என்று கேட்டான்.
நான் வாய் திறப்பதற்குள்
ஆள் மாடிப்படியில் இல்லை.

'முயன்றால் முடியும்' -
ஐந்து வருடமாய் ரிப்போர்ட்டில் அதே வரி.
முயல்வதை நான் பார்க்கிறேன்.
பென்சிலைக் கடித்தபடி ஒன்பதாம் வாய்ப்பாட்டில் உட்காருகிறான்.
தெருவில் ஒரு டாக்ஸி ஹார்ன் அடிக்கிறது.
யூனிட் ஏழு வண்டிம்மா, பின்விளக்கு ஒன்று எரியாது.
எட்டிப் பார்க்கிறேன்.
எரியவில்லை.
நோட்டுப் பக்கம் மட்டும் வெள்ளையாக.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்
என்றார் பெல்ட்டைத் தொட்டபடி கொழுந்தனார்.
மாரியம்மனுக்குப் பால்குடம் என்றாள் நாத்தனார்.
எடுத்தேன்.
அடித்தும் இருக்கிறேன், ஒருமுறை,
கரண்டியால்.
அன்றிரவு அவன் தூங்கினான், நான் தூங்கவில்லை.

ஏழு மாதம் காத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று
ஆஸ்பத்திரியில் வாங்கிய தாளில்
கவனக்குறைவு என்று போட்டிருந்தது.
குறைவா?
வீட்டில் எல்லாக் குழாயும் திறந்து கிடந்தால்
தண்ணீர் குறைவு என்றா சொல்வோம்?

அந்த வரிசையில்தான் சிபுயிலே.
அவள் மகள் பெஞ்சுக்கு அடியில் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
என் காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு
என் மகனைப் பார்த்துச் சிரித்தாள்.
வியாழன் ஆறு மணி, நூலகத்தின் பின் அறை.
டீ எங்களுடையது, பிஸ்கட் உன்னுடையது.

போனேன்.
பக்கத்து அறையில் பிள்ளைகள் நாற்காலிகளைக் கவிழ்த்து ரயில் விட்டார்கள்.
எழுந்து போய் யாரும் அதட்டவில்லை.
மாத்திரை இந்த மாதம் எந்த மருந்துக்கடையில் இருக்கிறது,
எந்தத் தலைமையாசிரியர் காது கொடுத்துக் கேட்பார்,
இப்படித்தான் போகும் பேச்சு.
செத்துப்போன தங்கையின் இரட்டையரை வளர்க்கும் டாக்ஸி ஓட்டுநர் நெவில்
'ஷூ' என்று மட்டும் சொல் என்றார்.
போட்டு முடிக்கட்டும், பிறகு 'பை'.
ஒரே மூச்சில் ஐந்து சொன்னால் ஐந்தும் போச்சு.
கரண்டியைப் பற்றி நான் சொன்னபோது
பரவாயில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.
ருக்காயா பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினாள்.

தேவேந்திரன் உள்ளே வருவதில்லை.
வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்வானேன் என்று
காரிலேயே இருந்து கிரிக்கெட் கேட்பான்.
இருபது வருடத்தில் ஒன்பது வேலை.
குளியலறைச் சுவரில் இடுப்பு வரைக்கும் டைல்ஸ்,
அதற்கு மேல் சிமெண்ட், எட்டு வருடமாய்.
சோம்பேறி என்று என் அம்மா சொன்னது
எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழன் நல்ல மழை.
குடையோடு கதவில் வந்து நின்றான்.
ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிட்டானாம், பேட்டரி செத்துவிட்டது.
நெவில் கேபிள் எடுக்க ஓடினார்.
குழந்தை நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தான் தேவேந்திரன்.
அவன் கால் ஆட, மேசை ஆட,
என் டீயில் வளையம் வளையமாய் அலை.

மேசையில் ஒரு தாள்: பெரியவர்களுக்கு, பதினெட்டுக் கேள்விகள்.
சும்மா விசிறிக்கொள்ளத்தான் எடுத்தான்.
விசிறி நின்றது.
தொடங்கியதை முடிப்பதற்குள்...
பிறர் பேசும்போது மனம்...
பொருட்களை எங்கே வைத்தோமென்று...
காலும் நின்றிருந்தது.

என்னைப் பற்றி இவர்களிடம் என்ன சொன்னாய்?
என் காதருகே, கோபமாய்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு யார் எழுதினது இதை?

வண்டி ரெடி என்று நெவில் வந்து கூப்பிட்டார்.
இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.
தேவேந்திரன் சிபுயிலேயிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான்
குடை ஞாபகம் வந்தது.
பின்சீட்டில் கியூரன் வைப்பர் வீச்சை எண்ணினான், நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று.
திருப்பவா என்று கேட்கவில்லை நான்.
இருக்கட்டும் என்றான் தேவேந்திரன்.
அடுத்த வியாழன்
நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.